துணி கட்டிய குழாய்

அந்தக் கட்டடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரு நாள் கீழ் வீட்டுத் தையல்காரர் படிக்கட்டில் நிறுத்தி, மழை வருமா என்று கேட்டிருக்கிறார். இவரும் வானத்தைப் பார்த்து, "வர்ற மாதிரிதான் இருக்கு, ஓவர்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான். சின்னப் பிள்ளைகள்கூட ஓவர் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் பேசி முடித்தேன், இனி நீ பேசு என்பதற்கு ரேடியோக்காரர்கள் சொல்லும் சொல் அது என்று அவர் யாருக்கும் விளக்கவில்லை. விளக்குகிற ஆள் இல்லை அவர்.

ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்ப்பது அவருக்கு வேலை. நாள் முழுக்கச் சுற்றும் கல், அதன் மேல் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர், விளிம்பைத் தடவிப் பார்க்கும் கட்டைவிரல். பேச்சுக்கு அங்கே இடமில்லை. வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். சாப்பாடு நன்றாக இருந்தால் தட்டை வழித்துச் சாப்பிடுவார். இல்லையென்றால் உப்பை நகர்த்தி வைப்பார். அவ்வளவுதான் விமர்சனம். "இவர் வாயைத் திறக்கணும்னா பல் டாக்டர்தான் வரணும்" என்று கடை முதலாளி வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பாராம்.

முதலாளிக்குத் தெரியாத சங்கதி, சாயங்காலமானால் உண்மையிலேயே ஒரு பல் டாக்டர் அவர் வாயைத் திறக்க வைத்துக்கொண்டிருந்தார் என்பது. அந்த டாக்டர் இருந்தது தொலைவிலுள்ள ஒரு மலையூரில். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. சமையலறையை ஒட்டிச் சாமான் போட்டு வைக்க விட்ட சின்ன அறையில் மேசை போட்டு, உரிமம் வாங்கி, மொட்டை மாடியில் கம்பி கட்டி அவர் வைத்திருந்த ரேடியோவில் தொடங்கிய பழக்கம். மைக்கைக் கையில் எடுத்துவிட்டால் ஆளே வேறு. கதை சொல்வார், கேலி செய்வார், எதிராளி சொன்னதற்குத் தொடையில் தட்டிச் சிரிப்பார்.

இரண்டு அறைக்கும் நடுச் சுவரில், கூரையை ஒட்டி ஒரு காற்றுத் துவாரம் இருந்தது. அதன் வழியாக அந்தக் குரல் சமையலறைக்கு வரும். பள்ளிக்கூட நூலகத்தில் அரை நாள் வேலை முடித்து வந்து, மாலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவர் மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் இல்லாத வீடு. வேறு சத்தம் கிடையாது. தன்னிடம் பேசாததை எல்லாம் யாரிடமோ பேசுகிறாரே என்று தொடக்கத்தில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. பிறகு அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது: அவர் கதவைச் சாத்திக்கொள்வதே இல்லை. நல்ல கதையாக இருந்தால் குரலைக் கொஞ்சம் உயர்த்தியும் சொல்வார். சுவருக்கு இந்தப் பக்கமும் ஒரு ஆள் கேட்கிறாள் என்பது அவர் கணக்கில் இருந்தது.

ரேடியோ விஷயத்தில் அவர் பெரிய கறார்க்காரர். மேசைக்குக் கீழே கனமான இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. பவர் சப்ளை. ரேடியோ ஓடுவது கார் பேட்டரி அளவுக்கான சின்ன மின்சாரத்தில்தான். தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அப்படிக் குறைத்துக் கொடுக்கும் அந்தப் பெட்டிக்குள் வீட்டு மின்சாரம் முழுசாக வந்து நிற்கும். உள்ளே என்றைக்காவது ஒரு கம்பி நழுவிப் பெட்டியின் இரும்பில் பட்டால், தொட்டவன் கதி அதோகதி. அதனால் பெட்டியின் உடம்பை மண்ணோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். மின்சாரம் தப்பினால் ஆளைத் தேடாமல் மண்ணைத் தேடிப் போய்விடும். அந்தப் பழைய கட்டடத்தில் சுவர் பிளக்கின் மூன்றாவது ஓட்டை பேருக்குத்தான் இருந்தது. பின்னால் எந்த எர்த்தும் இல்லை. குடிவந்த வாரமே அவர் பெட்டியிலிருந்து தடிமனான ஒரு செம்புக் கம்பியை எடுத்து, சுவரில் துளை போட்டு, சமையலறையில் ஓடிய இரும்புத் தண்ணீர்க் குழாயில் இறுக்கிக் கட்டினார். அந்தக் குழாய் கட்டடத்தின் முதுகு வழியாக இறங்கி மண்ணுக்குள் போனது. இதைவிட நல்ல எர்த் கிடைக்காது என்று அந்தக் காலத்து ரேடியோக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். பல வருடம் அது உண்மையாகவும் இருந்தது.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். அறையை விட்டு எழுந்தால், ஒரு நிமிடத்துக்கானாலும், சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் எழுவார். "கட்டுத்தறியில கட்டாம மாட்டை விட்டுட்டுப் போவாங்களா?" என்பார். அந்த விதி நல்ல விதி. ஆனால் பின்னால் நடந்தது அத்தனைக்கும் அதுதான் திரை போட்டது.

ஒரு மாலையில் குழாயைத் திறந்தபோது அவளுக்கு விரலில் எறும்பு கடித்த மாதிரி இருந்தது. கையை உதறிவிட்டு மறுபடி தொட்டாள். மறுபடி கடித்தது. மறுநாளும் அப்படியே. துவாரத்தைப் பார்த்து, "என்னங்க, குழாய் கடிக்குது" என்று குரல் கொடுத்தாள்.

அவர் உடனே வந்துவிட முடியாது. பேசிக்கொண்டிருந்தவர்களிடம் முறைப்படி விடைபெற வேண்டும். விடைபெற்று, சுவிட்சை அணைத்து, டெஸ்டரை எடுத்துக்கொண்டு, ரப்பர் செருப்பு சரசரக்க வந்தார். குழாயில் வைத்துப் பார்த்தார். டெஸ்டர் எரியவில்லை. கையால் தொட்டார். ஒன்றுமில்லை. அவளைத் தொடச் சொன்னார். அவளுக்கும் ஒன்றுமில்லை. பல்வலிக்காரன் டாக்டர் வாசலில் நிற்கும்போது வலி போய்விடுகிற கதையாக இருந்தது. இதேபோல இன்னும் சில தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் ஒழுங்காக அணைத்துவிட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் குழாய் பச்சைப் பிள்ளை மாதிரி கிடந்தது.

கடைசியில் அவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். கை மரத்துப்போவது, குறுகுறுப்பது எல்லாம் நரம்புக் கோளாறாக இருக்கலாம் என்று எங்கேயோ படித்திருந்தார். அக்கறையாகத்தான் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரும் அவள் உள்ளங்கையைக் குத்திப் பார்த்துவிட்டு, வயசு ஆகுதில்ல என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவள் அதை விழுங்கினாள். குழாய்க்கு அது தெரியவில்லை.

நூலகத்தில் புத்தகம் ஒன்று காணாமல் போனால் அவள் பதறமாட்டாள். யார் எப்போது எந்த அலமாரிப் பக்கம் நின்றார்கள் என்று நினைவுபடுத்திப் பார்ப்பாள். இதையும் அப்படியே பார்த்தாள். காலையில் கடிக்கவில்லை. மாலையில்தான் கடிக்கிறது. விடுமுறை நாளில் காலையிலும் கடிக்கிறது. ஒரு சாயங்காலம் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, விரலைக் குழாயில் லேசாக ஒட்டியபடி காத்திருந்தாள். எறும்பு ஊர்ந்துகொண்டே இருந்தது. அடுத்த அறையில் அவர் விடைபெற்றார். சுவிட்ச் டக்கென்றது. எறும்பு நின்றது.

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். அறையிலிருந்து அவர் சிரித்த முகத்தோடு வந்தார். ஒரு கிழவருக்குத் தப்பான கண்ணாடியைத் தேய்த்துக் கொடுத்து, அவர் அதைப் போட்டுக்கொண்டு தன் மனைவி அழகாகிவிட்டாள் என்று நன்றி சொல்லிப் போன கதையைப் பல் டாக்டருக்குச் சொல்லி முடித்திருந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் ஒட்டியிருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கே பெட்டியைக் கழற்றிக் கட்டிவிடுவார். அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாத மனுஷர். அப்புறம் அந்தத் துவாரத்தில் காற்று மட்டும்தான் வரும்.

எறும்புக்கடிதானே என்று தீர்மானித்தாள். பழைய துண்டைக் கிழித்துக் குழாயின் திருகுப் பிடியில் சுற்றி முடிச்சுப் போட்டாள். துணி ஈரமானால் மாற்றினாள். அவருடைய தேய்ந்த ரப்பர் செருப்பு ஜோடி ஒன்றைச் சமையலறைக்கென்று எடுத்துக்கொண்டாள். மாத்திரையையும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் கேட்பாரே.

அவர் துணியைப் பார்த்தார். தினமும்தான் பார்த்தார். குழாய் ஒழுகுகிறது போலிருக்கிறது, வாஷர் மாற்ற வேண்டும் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். அதே மாதங்களில் பல் டாக்டர், "அண்ணே, உங்க குரலுக்குப் பின்னால ஏதோ வண்டு இரையுது" என்று சொல்லப்போக, அதற்காக ராப்பகலாக உட்கார்ந்து கம்பி மாற்றினார், ஆன்டெனாவை இறக்கி ஏற்றினார், மைக்கைப் பிரித்துப் போட்டார். மலைக்கு அந்தப் பக்கம் கேட்ட இரைச்சலுக்கு அத்தனை பாடு. அவள் துவாரத்தின் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கோபம் வந்ததா என்றால் வந்தது. அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பை அவளே நகர்த்தி வைத்தாள்.

அது வெளிப்பட்டது ஒரு தாகத்தால். வழக்கமாக மேசையோரம் அவள் ஒரு செம்பு தண்ணீர் வைத்துவிடுவாள். அன்று தையல்காரர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கீழே போயிருந்தாள். துணியைத் துவைக்க அவிழ்த்துப் போட்டிருந்தாள். பேச்சின் நடுவே அவருக்குப் புரையேறியது. இருமல் அடங்கவில்லை. எதிர்ப்பக்கம் நாலைந்து பேர் அவர் முறைக்காகக் காத்திருந்தார்கள். விடைபெறக் குரல் இல்லை. செருப்பை மாட்ட நேரமில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுவிட்சை அணைக்காமல் எழுந்து ஓடினார்.

அவள் திரும்பி வந்தபோது டம்ளர் தரையில் உருண்டு கிடந்தது. அவர் சமையலறைத் தரையில், ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தார். கையில் அந்தத் துணி. அடுத்த அறையில் பல் டாக்டரின் குரல், அண்ணே இருக்கீங்களா, அண்ணே இருக்கீங்களா என்று கேட்டபடி இருந்தது.

"எத்தனை நாளா இது?" என்று கேட்டார்.

"மழைக்கு முன்னால இருந்து."

"சொல்லக்கூடாதா?"

"சொன்னேன். மாத்திரை வாங்கிக் குடுத்தீங்க."

அவர் எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்தார். பிறகு செம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது போகும் வழியே கண்ணை ஓட்டினார். பெட்டியிலிருந்து சுவர், சுவரிலிருந்து குழாய், குழாயிலிருந்து கீழே. கீழே என்று நினைத்ததும் அவர் முகம் மாறியது.

மழைக்குச் சற்று முன்புதான் தையல்காரர் குளியலறையைப் புதுப்பித்திருந்தார். தண்ணீரில் துரு வருகிறது என்று புலம்பியபோது, பழைய இரும்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போடுங்க, உங்க காலத்துக்கும் கவலையில்லை என்று யோசனை சொன்னது யாரோ இல்லை, ஓவர் சார்தான். வேலை முடிந்ததும் கூட்டிப்போய்க் காட்டினார்கள். தட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டும் வந்தார். இரும்பு போன இடத்தில் மண்ணுக்கான வழியும் போய்விட்டது என்று அன்றைக்கு அவர் புத்தியில் படவில்லை. மேல் வீட்டில் மிஞ்சிய இரும்புத் துண்டு மண்ணோடு தொடர்பில்லாமல் அந்தரத்தில் தொங்கியது. நல்ல பவர் சப்ளையிலும் கொஞ்சம் மின்சாரம் பெட்டியின் உடம்புக்குக் கசியத்தான் செய்யும். அது மண்ணுக்குப் போக வழியில்லாமல் அவர் கட்டிய கம்பி வழியாகக் குழாய்க்கு வந்து, அவள் விரலுக்காகக் காத்திருந்தது.

கசிவோடு நின்றதால் எறும்புக்கடி. பெட்டிக்குள் அந்த மாதங்களில் ஒரே ஒரு கம்பி நழுவியிருந்தால்? அதை அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "நான் கட்டின கம்பிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அவளைக் காப்பாற்றும் என்று கட்டியது.

அவள் பயந்தது அப்படியே நடந்தது. பெட்டி ஒரு சாக்கில் போய்ச் சேர்ந்தது. செம்புக் கம்பி சுருளாகி ஆணியில் தொங்கியது. வேலையிலிருந்து வந்தால் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருப்பார். குழாய் இப்போது கடிக்கவில்லை. துணியை எறிந்தாயிற்று. வெறுங்கையால் திறந்து, வெறுங்கையால் மூடினாள். பாத்திரம் கழுவும் சத்தம் அந்த வீட்டுக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது. ஒரு நாள் கரண்டி ஒன்று கைதவறி விழ, இருவருமே திடுக்கிட்டார்கள்.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு செய்தித்தாளை அவர் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தாள்.

"இதைச் சரிபண்ண என்ன வேணும்?"

"வேணாம் விடு."

"வேணுமா வேணாமான்னு கேக்கல. என்ன வேணும்னு கேட்டேன்."

அவர், மண்ணில் அடிக்க ஆள் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு செம்புத் தடி வேண்டும் என்றார். அடிக்க இடம் வேண்டும், அது தையல்காரர் வீட்டுப் பின்புறத்தில்தான் இருக்கிறது. வீட்டு மின்பலகையைத் திறந்து வேலை செய்ய எலக்ட்ரீஷியன் வேண்டும். எங்கேயாவது கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் தானே அணைந்துவிடுகிற டிரிப் சுவிட்ச் ஒன்று வேண்டும். இத்தனையும் சொல்லி முடித்தால் அவள் அலுத்துவிடுவாள் என்று நினைத்திருப்பார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள்.

தையல்காரர் அனுமதி கொடுத்ததோடு நிற்கவில்லை. தடி அடிக்கும்போது நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அக்கா, சார் மண்ணுக்கு ஊசி போடுறாரு, பாத்தீங்களா" என்று நேரம் போக்கிக்கொண்டிருந்தார். அவள் குடத்தால் தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்க, அவர் சுத்தியால் இறக்கினார். தடி உள்ளே போகப் போக அவர் வாயும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. ரேடியோ மேசைக்குப் பின்னால் ஒரு செம்புப் பட்டையைச் சுவரில் பதித்து, பவர் சப்ளை, ரேடியோ, ஆன்டெனாவின் மண்கம்பி ஒவ்வொன்றையும் தனித்தனிக் கம்பியால் அந்தப் பட்டைக்குக் கொண்டுவந்தார். எலக்ட்ரீஷியன் வந்து மின்பலகையின் எர்த்தையும் மண்ணிலிருந்து ஏறிவந்த கம்பியையும் அதோடு இணைத்தார். கடைசியாக ஓவர் சார் பட்டையிலிருந்து ஒரு கம்பியை எடுத்துச் சமையலறைக் குழாயை நோக்கிப் போனபோது, அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"மறுபடியும் குழாயிலயா? அதை விட்ருங்களேன்."

"விடக்கூடாதும்மா. தனியா விட்டாத்தான் ஆபத்து. ஒரு கை ரேடியோவுல, ஒரு கை குழாயில இருந்தா, ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசமே இருக்கக்கூடாது. அதுக்கு எல்லாத்தையும் சேத்துக் கட்டணும். கட்டி, மண்ணுலயும் கட்டணும். நான் போன தடவை மண்ணை மட்டும் நம்பிட்டேன். அது இருக்கான்னு திரும்பிப் பாக்கல."

அவர் அவளிடம் நேருக்கு நேர் அத்தனை நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

பெட்டியை மறுபடி இணைத்த சாயங்காலம் அவர் நேராக மைக்கை எடுக்கவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு, போட்டபடியே விட்டு, செருப்பைக் கழற்றிச் சமையலறைக்கு வந்தார். டெஸ்டரால் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று புறங்கையைக் குழாயில் வைத்தார். வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அவளைத் தொடச் சொல்லவில்லை. அப்புறம்தான் போய்ப் பேச உட்கார்ந்தார்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கே போயிருந்தீங்க அண்ணே என்று பல் டாக்டரும் மற்றவர்களும் மொய்த்துக்கொண்டார்கள். அவர் குழாய் கதையைச் சொன்னார், தன் வழக்கப்படி சுவாரஸ்யமாக. பிளாஸ்டிக், மாத்திரை, துணி, ஒன்றையும் விடவில்லை. எதிர்ப்பக்கம் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் குரல் மாறியது, கொஞ்சம் உயர்ந்தது.

"முதல் ரிப்போர்ட் சமையல்கட்டு ஸ்டேஷன்லேர்ந்துதான் வந்துது. சிக்னல் ரொம்பத் தெளிவா இருந்துது. கேக்கறவன்தான் சரியில்ல. ஓவர்."

அவள் கீரையை அப்படியே வைத்துவிட்டாள். மன்னிச்சுக்கோ என்ற சொல்லை அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ஆனால் அதன் பின் ஒரு நாள்கூடக் குழாயைத் தொடாமல் அவர் மைக்கைத் தொட்டதில்லை. காய்ச்சலாக இருந்தாலும் செருப்பைக் கழற்றி வந்து நிற்பார். அவள் பாத்திரத்தோடு நின்றால் ஒதுங்கி வழிவிடுவாள். சில நாள் வேண்டுமென்றே ஒதுங்காமல் நிற்பாள். அவர் அவள் தோளுக்கு மேல் கையை நீட்டித் தொட்டுவிட்டுப் போவார். வயதான பின்பு அந்தக் கைக்கு நடுக்கம் வந்தது. கண்ணாடிக் கடை வேலை நின்றது. குழாயைத் தொடுவது மட்டும் நிற்கவில்லை. மருத்துவமனைக்குக் கிளம்பிய அன்று, ரேடியோவைப் போடாமலேயே, பழக்கத்தில் போய்த் தொட்டுவிட்டுத்தான் படி இறங்கினார். திரும்பி வரவில்லை.

ரேடியோவை எடுத்துப்போகப் பல் டாக்டர் வந்தார். தலை முழுக்க நரைத்த, குள்ளமான மனிதர். வாசலில் நின்று "அண்ணி" என்று அவர் கூப்பிட்டபோதுதான், இத்தனை வருடம் துவாரத்தின் வழியே கேட்ட குரல் அது என்று அவளுக்கு உறைத்தது. மலையூரில் ரேடியோ கற்றுக்கொள்கிறவர்களுக்கென்று கொடுத்துவிட வேண்டும் என்பது கணவர் சொல்லி வைத்திருந்ததுதான். அவளுக்கும் சம்மதம். கழற்றும் முன் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா, வேலை செய்கிறதா என்று தெரிந்தால் நல்லது என்று டாக்டர் தயங்கிக் கேட்டார்.

"போடுங்க. பேசிடாதீங்க."

சுவிட்ச் டக்கென்றது. அவள் செருப்பைக் கழற்றினாள். சமையலறைக்குப் போய்த் தரையில் ஒரு கை தண்ணீரைத் தெளித்து, அதில் நின்று, புறங்கையைக் குழாயில் வைத்தாள். இரும்பின் குளிர்ச்சி. வேறொன்றுமில்லை. வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை.

திரும்பி வந்தபோது டாக்டர் மைக்கைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. அண்ணன் அன்றைக்குச் சொன்னதிலிருந்து தன் வீட்டிலும் இதே வழக்கம்தான் என்றார். மனைவி கேலி செய்வாளாம், மருமகள் வந்த பிறகு அவளும் சேர்ந்துகொண்டாளாம்.

"இப்பப் பேசுங்க" என்றாள்.

அவர் பேசினார். அவள் அங்கே நிற்காமல் சமையலறைக்குப் போய், டீ போடப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தாள். துவாரத்தின் வழியே குரல் வந்தது.

சாமான்களை வண்டியில் ஏற்றிய பின், சுவரில் செம்புப் பட்டையும் குழாய்க்குப் போகும் கம்பியும் மிஞ்சின. இனி இதற்கு வேலையில்லையே, அழகாகவும் இல்லை, எடுத்துவிடட்டுமா என்று டாக்டர் ஸ்பேனரைக் காட்டினார்.

"வேணாம் தம்பி, இருக்கட்டும். குழாயைத் தனியா விடக்கூடாதாம்" என்றாள் அவள்.